படத்தின் வயது: ஒரு ரோபோவின் பார்வைக்கு வன்பொருளும் இணைப்பும் தேர்ந்தெடுத்த அனுபவம்

ரோபோ இலக்கைப் பார்த்துவிட்டது. அதில் சந்தேகமே இல்லை. திரையில் குறியைச் சுற்றிப் பச்சைக் கட்டம் சரியாக விழுந்திருந்தது. ஆனாலும் அதை நோக்கி நேராக நிற்க ரோபோவால் முடியவில்லை. வலப்பக்கம் திரும்பும், குறியைத் தாண்டிப் போகும். இடப்பக்கம் திரும்பும், மறுபடியும் தாண்டும். வேண்டாம் என்று தலையாட்டும் குழந்தை மாதிரி நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

இந்த ஆட்டத்தை நிறுத்துவதற்குள் வடிவமைப்பை மூன்று முறை மாற்றினோம். எந்தக் கணினி, எந்தக் கேமரா, இரண்டுக்கும் மோட்டார் பலகைக்கும் நடுவே எந்த இணைப்பு என்று ஒவ்வொன்றாக முடிவெடுத்து, சிலவற்றில் தவறி, திருத்தினோம். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு எங்கள் தவறுகளும் பயன்படும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வேலை என்ன?

இடது, வலது சக்கரங்களைத் தனித்தனி வேகத்தில் ஓட்டித் திரும்பும் நான்கு சக்கர ரோபோ. நிறுத்துமிடத்தில் 16 செ.மீ. பக்கமுள்ள ஒரு ஏப்ரல்டேக் ஒட்டியிருக்கும். கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆன இந்தக் குறிமுறையை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஓல்சன் 2011இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். குறியின் எண்ணை மட்டுமல்ல, அது எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் ஒரே படத்திலிருந்து கணக்கிடலாம். ரோபோ சுமார் 3 மீட்டரில் குறியைக் கண்டுபிடித்து, அதை நோக்கித் திரும்பி, நெருங்கி நிற்க வேண்டும். மோட்டார்களை ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சில்லில் அடங்கிய சின்னக் கணினி) வினாடிக்கு 100 முறை சரிபார்த்து ஓட்டுகிறது. திரும்பும் கோணத்தை அளக்க அதில் ஒரு கைரோவும் உண்டு. படத்தை ஆராயும் வேலை அந்தச் சின்னப் பலகையால் ஆகாது. அதற்குத்தான் தனியாக ஒரு கணினி.

முதல் வடிவமைப்பு: வீடியோவை வெளியே அனுப்பினோம்

கையில் நல்ல மடிக்கணினி இருந்தது. ரோபோவிலிருந்து வைஃபை வழியாக வீடியோவை அதற்கு அனுப்பி, அங்கே ஓப்பன்சிவி என்ற படம் ஆராயும் நூலகத்தில் ஆராய்ந்து, திரும்ப வேண்டிய கோணத்தை ரோபோவுக்கே அனுப்பலாம் என்று நினைத்தோம். நிரல் எழுதவும் பிழை திருத்தவும் இது வசதியாக இருந்தது. வேறு எந்த நன்மையும் இல்லை.

640×480 படம், ஒரு பிக்சலுக்கு 2 பைட், வினாடிக்கு 30 ஃப்ரேம் (படம்) என்றால் வினாடிக்கு 18.4 மெகாபைட், அதாவது 147 மெகாபிட். நகர்ந்துகொண்டே இருக்கும் ரோபோவின் வைஃபையில் இதை நம்பி அனுப்ப முடியாது. ஆகவே ஜேபெக்காகச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் விரித்தோம். இரண்டுக்கும் நேரம் பிடித்தது. அதைவிடப் பெரிய தொல்லை, தாமதம் ஒரே அளவாக இல்லாததுதான். அறையில் வேறு யாராவது வைஃபையைப் பயன்படுத்தினால் ரோபோவின் ஆட்டம் கூடும், அவர்கள் நிறுத்தினால் குறையும். ஒரே மாதிரி இருக்கும் தாமதத்தை ஓரளவு ஈடுகட்டலாம். மனம் போனபடி மாறும் தாமதத்தை என்ன செய்வது?

கோணத்தைத் திருப்பி அனுப்ப டிசிபி என்ற வலையமைப்பு முறையை வைத்திருந்தோம். இன்னொரு பாடம் அங்கே கிடைத்தது. டிசிபியில் நேகிள் முறை என்று ஒன்று உண்டு. 1984இல் வந்தது. சின்னச் சின்னத் தகவல்களை உடனே அனுப்பாமல், முன்பு அனுப்பியதற்கு ஒப்புகை வரும்வரை சேர்த்து வைக்கும். மறுமுனையோ ஒப்புகையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு அனுப்பும். லினக்ஸில் இந்தத் தள்ளிப்போடுதல் வழக்கமாக 40 மில்லிவினாடி அளவில் இருக்கும். கோப்பு அனுப்பும்போது இது நல்ல ஏற்பாடு. வினாடிக்கு 30 முறை சில பைட்டுகளை அனுப்புகிற எங்களுக்கு அது சுமை. ஒரு அமைப்பை மாற்றி நேகிளை அணைக்கலாம், அணைத்தோம். ஆனால் ஒரு பொட்டலம் தொலைந்தால் அதை மறுபடி அனுப்பி முடிக்கும்வரை அடுத்தடுத்த பொட்டலங்களை டிசிபி காக்க வைக்கும். பார்வைத் தகவலுக்கு இது தலைகீழான குணம். தொலைந்தது தொலையட்டும், புதியது வந்தால் போதும். அந்த வேலைக்கு, தொலைந்ததை மறுபடி அனுப்பாத யுடிபி முறைதான் பொருத்தம்.

இரண்டாவது வடிவமைப்பு: பெரிய கணினி

சரி, வைஃபையை இந்தப் பாதையிலிருந்தே எடுத்துவிடுவோம், கணினியை ரோபோவின் மேலேயே வைப்போம் என்று முடிவு செய்தோம். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது. ஆனால் 'பார்வை' என்றதும் ஜிபியு (பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் செயலி) வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு. அது உள்ள ஜெட்சன் நானோ பலகை ஒன்று வாங்கினோம். யூ.எஸ்.பி. வெப்கேமராவை அதில் மாட்டி, கோணத்தை சீரியல் இணைப்பில் (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் கம்பி) மைக்ரோகன்ட்ரோலருக்கு அனுப்பினோம். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

எங்கே தவறினோம் என்பதைப் பின்னால் உட்கார்ந்து யோசித்தபோது வெட்கமாக இருந்தது. ஜெட்சன் நானோவின் பலம் அதன் 128 மேக்ஸ்வெல் கோர்கள். நரம்பு வலைப்பின்னல் ஓட்டிப் பொருள்களை அடையாளம் காண வேண்டுமானால் அவை மிக உதவும். நாங்கள் பயன்படுத்திய ஏப்ரல்டேக் நூலகமோ சி மொழியில் எழுதப்பட்டு முழுக்க முழுக்க கணினியின் பொதுச் செயலியான சிபியுவில் ஓடுவது. அதில் ஜிபியு வேலையே செய்யவில்லை. சிபியுவை ஒப்பிட்டால் ஜெட்சன் நானோவில் 1.43 கிகாஹெர்ட்ஸ் ஓடும் நான்கு கார்டெக்ஸ்-ஏ57 கோர்கள், ராஸ்பெர்ரி பை 4இல் 1.5 கிகாஹெர்ட்ஸ் ஓடும் நான்கு கார்டெக்ஸ்-ஏ72 கோர்கள். எங்கள் வேலைக்குப் பழைய பலகை எந்த விதத்திலும் குறைந்ததல்ல. குறை ஜெட்சனுடையது இல்லை. எந்த நிரலை ஓட்டப்போகிறோம் என்று பார்க்காமல் பலகையைத் தேர்ந்தெடுத்த எங்களுடையது.

அளந்தபோது தெரிந்தது

குழுவில் இளையவள் ஒருத்தி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரோபோ நின்ற பிறகும் படம் கொஞ்சம் நகர்ந்துவிட்டு நின்றதைக் கவனித்திருக்கிறாள். "அக்கா, இப்ப திரையில தெரியுறது எப்ப எடுத்த படம்?" என்றாள்.

எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. ஒரு படத்தை ஆராய எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று மட்டுமே அதுவரை அளந்து வந்திருந்தோம். அது 40. அந்தப் படம் எங்கள் கைக்கு வரும்போதே அதற்கு எவ்வளவு வயது என்று யாரும் கேட்டதில்லை.

அளக்கும் வழி எளிது. மைக்ரோகன்ட்ரோலரில் ஒரு எல்.இ.டி.யைப் பொருத்திக் கேமராவின் முன் வைத்தோம். மைக்ரோகன்ட்ரோலர் அதை எரியவிடும்போது தன் கடிகாரத்தைக் குறித்துக்கொள்ளும். பார்வைக் கணினி அந்த இடத்தில் வெளிச்சம் கூடியதைக் கண்டதும் வழக்கமான இணைப்பிலேயே ஒரு தகவல் அனுப்பும். அது வந்து சேர்ந்ததும் மைக்ரோகன்ட்ரோலர் மறுபடியும் தன் கடிகாரத்தைப் பார்க்கும். தொடக்கமும் முடிவும் ஒரே கடிகாரத்தில் இருப்பதால் இரண்டு கணினிகளின் நேரத்தை ஒத்திசைக்கும் தலைவலி கிடையாது. கேமரா, ஆராய்ச்சி, இணைப்பு எல்லாம் சேர்ந்த மொத்தத் தாமதம் ஒரே எண்ணாக வந்துவிடும். இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் ஒரு பலகை வாங்குவது மிச்சமாகியிருக்கும்.

மொத்தம் 170 மில்லிவினாடிக்கு மேல் வந்தது. ஆராய்ச்சிக்கு 40 போனால் மீதி எங்கே?

பெரும்பகுதி பஃபரில், அதாவது படங்கள் காத்திருக்கும் தற்காலிக நினைவிடத்தில் இருந்தது. லினக்ஸில் ஓப்பன்சிவி கேமராவைத் திறக்கும்போது ஃப்ரேம்களை வரிசையில் வைக்க இயல்பாக நான்கு பஃபர்களை ஒதுக்குகிறது. கேமரா 33 மில்லிவினாடிக்கு ஒரு படம் தருகிறது, நாங்கள் 40 மில்லிவினாடிக்கு ஒன்று எடுக்கிறோம். எடுப்பதைவிட வருவது வேகம். கொஞ்ச நேரத்தில் வரிசை நிரம்பிவிடும். அதன் பிறகு நாம் எடுப்பது எப்போதும் வரிசையின் தலையில் இருக்கும் மிகப் பழைய படம். நான்கு ஃப்ரேம் என்றால் 130 மில்லிவினாடி. ஆராய்ச்சி வெறும் 7 மில்லிவினாடி பிந்தியதற்கு இவ்வளவு பெரிய விலை!

இது ரோபோவை எப்படி ஆட்டுகிறது என்று பாருங்கள். வினாடிக்கு 90 பாகை வேகத்தில் திரும்பும்போது 170 மில்லிவினாடியில் ரோபோ 15 பாகை தாண்டிவிடுகிறது. குறி நேராக வந்துவிட்டது என்று படம் சொல்லும்போது ரோபோ 15 பாகை தள்ளி நிற்கும். திரும்பி வரும்போதும் அதே கதை.

உடனடி மருந்து: படம் எடுப்பதற்கென்று தனி இழை (நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதி) ஒன்றை ஓடவிட்டோம். அது ஃப்ரேம்களை வந்த வேகத்திலேயே எடுத்துக் கடைசியானதை மட்டும் வைத்துக்கொள்ளும், மற்றவற்றைத் தூக்கிப்போடும். ஆராய்ச்சி இழை எப்போது கேட்டாலும் புதிய படம் கிடைக்கும். இருபது வரி நிரல்தான். மொத்தத் தாமதம் பாதிக்கும் கீழே இறங்கியது. புதுப் பலகையால் ஆகாதது இதனால் ஆனது.

கேமரா: எதிர்பார்த்ததைவிடப் பெரிய முடிவு

அடுத்து, ரோபோ திரும்பும்போது குறி தொலைந்துபோவதைக் கவனித்தோம். நின்றால் தெரிகிறது, திரும்பினால் காணவில்லை. இதற்குக் கணினி காரணமே இல்லை.

எங்கள் லென்ஸின் பார்வைக் கோணம் 60 பாகை. 640 பிக்சல் அகலத்தில், படத்தின் நடுப்பகுதியில் ஒரு பாகை ஏறத்தாழ 9.7 பிக்சல். வினாடிக்கு 180 பாகை வேகத்தில் திரும்பும்போது எக்ஸ்போஷர் (ஒரு படத்துக்காகக் கேமரா ஒளியை வாங்கும் நேரம்) 10 மில்லிவினாடியாக இருந்தால் படம் 1.8 பாகை, அதாவது 17 பிக்சல் இழுபடும். 3 மீட்டரில் எங்கள் குறியின் அகலமே 30 பிக்சல்தான். கறுப்பு ஓரத்தையும் சேர்த்துக் குறியின் அகலத்தில் 8 கட்டங்கள் என்பதால் ஒரு கட்டத்துக்கு 4 பிக்சல்கூட இல்லை. 17 பிக்சல் இழுபட்ட படத்தில் எந்த நூலகத்தாலும் அதைப் படிக்க முடியாது. எக்ஸ்போஷரை 1 மில்லிவினாடியாகக் குறைத்தால் இழுவை 1.7 பிக்சல். படித்துவிடலாம். அதற்கு வெளிச்சம் வேண்டும். கேமராவைச் சுற்றி விளக்கு வைத்தோம், தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்தோம். தானியங்கியில் விட்டால் வெளிச்சம் குறைந்த இடத்தில் பல வெப்கேமராக்கள் வினாடிக்கு 30 ஃப்ரேமிலிருந்து 15க்கு இறங்கிவிடும். தாமதம் அங்கேயும் புகுந்துவிடும்.

இன்னொரு சிக்கல் ரோலிங் ஷட்டர். சாதாரணக் கேமராக்கள் படத்தின் வரிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பதிவு செய்கின்றன. ரோபோ திரும்பிக்கொண்டிருந்தால் நேரான கோடு சாய்ந்துவிடும், சதுரக் குறி சரிந்த நாற்கரமாகும், கோணக் கணக்கு தப்பும். எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டர் கேமராவுக்கு மாறினோம். கறுப்பு வெள்ளை மட்டும். நிறம் எங்களுக்குத் தேவையில்லை, கறுப்பு வெள்ளை உணரி குறைந்த வெளிச்சத்திலும் நன்றாகப் பார்க்கும். நகரும் ரோபோவுக்குக் கேமரா வாங்க ஒரே ஒரு பரிந்துரை கேட்டால் இதைத்தான் சொல்வேன். மெகாபிக்சலைப் பார்க்காதீர்கள், ஷட்டரைப் பாருங்கள்.

தெளிவுத்திறனை உயர்த்தினால் என்ன என்ற யோசனையும் வந்தது. 1280×720க்குப் போனால் 640×480ஐவிடச் சரியாக மூன்று மடங்கு பிக்சல்களை ஆராய வேண்டும். குறியை 6, 7 மீட்டரிலிருந்து படிக்க வேண்டுமானால் அந்த விலையைக் கொடுக்கலாம். 3 மீட்டருக்குத் தேவையில்லை.

யூ.எஸ்.பி. பற்றியும் ஒரு வார்த்தை. யூ.எஸ்.பி. 2.0இன் வேகம் 480 மெகாபிட் என்றாலும், ஒரு வெப்கேமராவின் சீரான ஓட்டத்துக்கு ஒதுக்கக்கூடியது வினாடிக்கு 24 மெகாபைட் அளவுதான். சுருக்காத 640×480 வீடியோவே வினாடிக்கு 18.4 மெகாபைட். எனவே ஒரே பாதையில் இரண்டாவது கேமராவை மாட்டினால், இடம் போதவில்லை என்ற பிழையோடு அது திறக்க மறுக்கும். கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு மாலை முழுக்க கேபிள் மாற்றிக்கொண்டிருந்தோம். புதிய கேமராவை ராஸ்பெர்ரி பையின் சொந்தக் கேமரா இணைப்பில் மாட்டியதால் இந்தக் கணக்கே தேவைப்படவில்லை.

மூன்றாவது வடிவமைப்பு

மறுபடி ராஸ்பெர்ரி பை 4. குளோபல் ஷட்டர் கேமரா, 640×400, வினாடிக்கு 60 ஃப்ரேம். ஏப்ரல்டேக் நூலகத்தில் நான்கு இழைகள். நாற்கரத்தைத் தேடுவதற்கு மட்டும் படத்தைப் பாதியாகச் சுருக்கிக்கொள்ளும் வசதியையும் போட்டோம். குறியின் எண்ணை அது முழுப் படத்திலேயே படிப்பதால் இழப்பு குறைவு. எல்.இ.டி. சோதனையில் மொத்தம் 40 மில்லிவினாடிக்குள் வந்தது.

மின்சாரத்துக்குத் தனிக் கவனம் தேவைப்பட்டது. மோட்டார்கள் ஒரேயடியாகக் கிளம்பும்போது பேட்டரியின் வோல்டேஜ் சட்டென இறங்கும். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 4.63க்குக் கீழே போனால் ராஸ்பெர்ரி பை எச்சரிக்கும், இன்னும் போனால் மறுதொடக்கமாகும். ரோபோ ஓட ஆரம்பித்ததும் பார்வை போய்விடுகிறது என்றால் முதலில் நிரலைச் சந்தேகிக்காமல் இதைப் பாருங்கள். உள்ளே வரும் வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் 5 வோல்ட்டே தரும் மாற்றி ஒன்றைப் பார்வைக் கணினிக்கு மட்டும் வைத்தோம். மின்சாரம் திடீரெனப் போனால் எஸ்டி கார்டு கெடாமல் இருக்க, கோப்பு முறையைப் படிக்க மட்டும் என்று மாற்றினோம். வெப்பமும் உண்டு. 80 பாகை செல்சியஸைத் தொட்டால் பலகை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், தாமதம் நமக்குத் தெரியாமல் ஏறும். சின்ன விசிறி போதும்.

இணைப்பு: என்ன அனுப்புகிறோம்?

வீடியோ ரோபோவுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் மோட்டார் பலகைக்குப் போக வேண்டியது சில எண்கள்தான். ஆகவே வேகம் இங்கே பெரிய கேள்வி இல்லை. 115200 வேக சீரியல் இணைப்பே வினாடிக்கு 11,520 பைட் கொண்டுபோகும். நம்பகத்தன்மைதான் கேள்வி.

ஐ2சி என்ற இணைப்பு முறையை எடுத்த எடுப்பிலேயே விட்டுவிட்டோம். ஒரே பலகைக்குள் சில்லுகள் பேசிக்கொள்ளப் பிறந்தது அது. மோட்டார் கம்பிகளுக்குப் பக்கத்தில் நீளக் கம்பியில் அதை ஓட்டுவது வம்பு. சீரியல் நன்றாகவே வேலை செய்தது, ஆனால் மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது சில பைட்டுகள் கெட்டன. ஒவ்வொரு தகவலின் கடைசியிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் சேர்த்திருந்ததால் கெட்டது நிராகரிக்கப்பட்டது. அது இல்லாமல் சீரியலில் அனுப்பவே வேண்டாம். ஒரு பிட் புரண்டால் 3 பாகை 131 பாகை ஆகிவிடும். சீரியலுக்கு யூ.எஸ்.பி. மாற்றி வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். சில மாற்றிகள் சின்னத் தகவலை 16 மில்லிவினாடி வரை பிடித்து வைத்திருக்கும். அதை 1 ஆகக் குறைக்கும் அமைப்பு உண்டு.

கடைசியில், பல பலகைகள் ஒரே ஜோடிக் கம்பியில் பேசிக்கொள்ளும் கேன் பஸ்ஸுக்குப் போனோம். 1986இல் போஷ் நிறுவனம் வாகனங்களுக்காக அறிமுகப்படுத்தியது. இரண்டு கம்பிகளின் வோல்டேஜ் வேறுபாட்டைப் படிப்பதால் மோட்டார் இரைச்சல் அவ்வளவாகத் தொடாது, சரிபார்ப்பு எண் வன்பொருளிலேயே இருக்கிறது, முக்கியமான தகவலுக்கு முன்னுரிமையும் கொடுக்கலாம். எங்கள் மோட்டார் இயக்கிகள் ஏற்கெனவே அதில்தான் பேசிக்கொண்டிருந்தன. ராஸ்பெர்ரி பையில் கேன் இல்லாததால் எஸ்பிஐ (சில்லுகளை இணைக்கும் இன்னொரு முறை) வழியாக ஒரு கேன் சில்லைச் சேர்த்தோம். முதல் நாள் ஒரு தகவலும் போகவில்லை. பலகையில் சில்லுக்குத் துடிப்பு தர இருந்தது 8 மெகாஹெர்ட்ஸ் படிகம், நாங்கள் அமைப்பில் எழுதியது 16. அதைத் திருத்திய பிறகும் பிழைகள் வந்தன. பஸ்ஸின் ஒரு முனையில் 120 ஓம் மின்தடையைப் பொருத்தாமல் விட்டிருந்தோம். மின்சாரத்தை அணைத்துவிட்டு இரண்டு கம்பிகளுக்கு இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விடுபட்டிருக்கிறது.

சாதாரணக் கேன் தகவல் ஒன்றில் 8 பைட்தான் அடங்கும். எங்களுக்கு அது கச்சிதமாகப் போதுமானது: குறியின் எண் 1 பைட், கோணம் நூறில் ஒரு பாகை அளவில் 2 பைட், தூரம் மில்லிமீட்டரில் 2 பைட், படத்தின் வயது 2 பைட், ஏறிக்கொண்டே போகும் வரிசை எண் 1 பைட்.

இந்த எட்டில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது படத்தின் வயதுதான். படம் எடுத்த நேரத்தை அனுப்பினால் இரண்டு கடிகாரங்களையும் ஒத்திசைக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அனுப்பும் கணத்தில் இந்தப் படம் எடுத்து எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்று அனுப்புகிறோம். கேனில் பயணம் 500 கிலோபிட் வேகத்தில் 0.3 மில்லிவினாடிக்குள் முடிந்துவிடுவதால் அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டியதில்லை. மைக்ரோகன்ட்ரோலர் தன் கைரோ அளவுகளில் கடைசி ஒரு வினாடியின் 100 பதிவுகளை வட்டப் பட்டியலாக வைத்திருக்கிறது. தகவல் வந்ததும், இத்தனை மில்லிவினாடிக்கு முன் நான் எந்தத் திசையில் நின்றேன் என்று பின்னோக்கிப் பார்க்கிறது. அந்தத் திசையோடு படம் சொல்லும் கோணத்தைக் கூட்டினால் குறி இருக்கும் உண்மையான திசை கிடைக்கிறது. அதன் பிறகு ரோபோ திரும்புவது கைரோவை வைத்து, வினாடிக்கு 100 முறை சரிபார்த்து. கேமரா இலக்கின் திசையை அவ்வப்போது திருத்துகிறது, அவ்வளவுதான். தூரத்துக்கும் இதே முறை, கைரோவுக்குப் பதில் சக்கரத்தின் சுழற்சி அளவி.

அன்றைக்கு ரோபோ ஒரே திருப்பத்தில் குறியை நோக்கி நின்றது. செயற்கையாக 100 மில்லிவினாடி தாமதத்தைச் சேர்த்துப் பார்த்தோம். அப்போதும் நின்றது. அதுவரை தாமதத்தைக் குறைக்க நாங்கள் பட்டபாடு வீண் இல்லை, ஆனால் எவ்வளவு தாமதம் என்று ரோபோவுக்கே தெரிந்திருப்பதுதான் ஆட்டத்தை நிறுத்தியது.

வரிசை எண் எதற்கு என்றால், பார்வைக் கணினி உயிரோடு இருக்கிறதா என்று அறிய. குறி தெரியாதபோதும், எதுவும் தெரியவில்லை என்ற தகவலை அது அனுப்பிக்கொண்டே இருக்கும். 250 மில்லிவினாடி எதுவும் வராவிட்டாலோ எண் மாறாவிட்டாலோ ரோபோ பழைய கோணத்தை நம்பி ஓடாமல் நின்றுவிடும். ஒன்றும் தெரியவில்லை என்பதும் கண்ணே போய்விட்டது என்பதும் வேறு வேறு செய்திகள்.

மனிதர்கள் பார்ப்பதற்கு ஒரு சின்ன வீடியோ இன்னும் வைஃபையில் போகிறது, யுடிபியில். அது தடுமாறினாலும் நின்றாலும் ரோபோவுக்குத் தெரியாது.

மீதம் இருக்கிற சிக்கல் ஒன்று. குறி நகராமல் நிற்கிறது என்ற அனுமானத்தில்தான் இந்தக் கைரோ முறை வேலை செய்கிறது. குறியை இன்னொரு ரோபோவின் முதுகில் ஒட்டிப் பார்த்தோம். நம் ரோபோ நகர்ந்ததைக் கைரோ சொல்லிவிடும், எதிரே இருப்பது நகர்ந்ததை யாரும் சொல்வதில்லை. அடுத்தடுத்த படங்களின் வயதை வைத்து எதிரே உள்ளதன் வேகத்தைக் கணிக்க இப்போது முயன்றுகொண்டிருக்கிறோம். அங்கே 40 மில்லிவினாடி மறுபடியும் பெரிய எண்ணாகத் தெரிகிறது.